இரும்புக் குதிரைகளும் எண்ணெய்க் கைகளும்

குதிரைப் படை என்று பெயர்; ஆனால் அங்கே குதிரை இல்லை. லாயம் இல்லை, கொள்ளுப் பை இல்லை, லாடம் அடிக்கும் தொழிலாளியும் இல்லை. ஆயினும் அப்படையின் வீரனை இன்றும் 'சவார்' என்றே அழைக்கின்றனர். அவனுக்கு மேலே 'தஃபேதார்'. அவருக்கும் மேலே 'ரிசால்தார்'. பழைய பாசறைகளில் ஒலித்த இந்தப் பார்சிப் பெயர்களை இந்திய இராணுவத்தின் கவசப் படையினர் விடாமல் போற்றி வருகின்றனர். குதிரை போய்விட்டது, குதிரைக்காரனின் பெயர் மட்டும் டாங்கிக்குள் ஏறி அமர்ந்து கொண்டது.

நம் நாட்டில் இந்த மாற்றம் 1938 ஆம் ஆண்டில் தொடங்கியது. 'சிந்து ஹார்ஸ்' என்னும் ரெஜிமெண்ட் முதலில் தன் குதிரைகளை ஒப்படைத்துவிட்டு இயந்திர வண்டிகளைப் பெற்றுக் கொண்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஏனைய ரெஜிமெண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியே சென்றன.

களைத்த குதிரை ஓர் இரவு ஓய்வு பெற்றால் மறுநாள் எழுந்து நிற்கும். அதன் காலில் பட்ட சிறு காயம் நாளடைவில் தானே ஆறிவிடும். இயந்திரத்துக்குத் தானே ஆறும் புண் என்று ஒன்றுமில்லை. விரிசல் கண்ட குழாய் விரிந்துகொண்டேதான் போகும். தேய்ந்த பல்சக்கரம் இன்னும் தேயும். யாரோ ஒருவர் அதன் அடியில் படுத்து, கையில் ஸ்பானருடன் இரவைக் கழித்தாலன்றி அது மறுநாள் நகராது. அந்த 'யாரோ ஒருவரை'ப் பற்றித்தான் இக்கட்டுரை பேசுகிறது.

நிக்காஹ் விருந்துக்குச் செல்கிறோம். மாப்பிள்ளையை வாழ்த்துகிறோம், பெண்ணைப் பெற்றவரிடம் ஸலாம் சொல்கிறோம். பிரியாணி சுவையாக இருந்தது என்று ஊரெல்லாம் பேசிக் கொள்கிறோம். பின்கட்டில் புகைக்கு நடுவே நின்று சஹன் சஹனாக அள்ளிக் கொடுத்த பண்டாரியின் பெயரைக் கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? இராணுவத்தில் மெக்கானிக்கின் நிலை ஏறத்தாழ இதுவே.

காலைக் கணக்கு

இந்தியக் கவச ரெஜிமெண்ட் ஒன்றில் பொதுவாக 45 டாங்கிகள் இருக்கும். ஏட்டில் உள்ள எண்ணிக்கை அது. தளபதிக்கு வேண்டியது அந்த எண்ணன்று. இன்று காலையில் எத்தனை டாங்கிகள் உறுமிக் கொண்டு கிளம்பும் என்பதே அவர் கேட்கும் கேள்வி. நாற்பத்தைந்தில் முப்பதுதான் கிளம்புமென்றால் அவரிடம் இருப்பது முப்பது டாங்கிகள் கொண்ட படையே. மற்றப் பதினைந்தும் இரும்புக் குவியல்கள். எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமலேயே ஒரு ரெஜிமெண்ட் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட முடியும் என்பதைப் பொதுமக்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

டாங்கியை ஓட்டுகிறவர்களே அன்றாடப் பராமரிப்பைச் செய்கின்றனர். எண்ணெய் மட்டம் பார்ப்பது, சங்கிலித் தடத்தை இறுக்குவது, புழுதி அடைத்த காற்று வடிகட்டியைத் தட்டித் துடைப்பது ஆகியன அவர்கள் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட பழுதுகளுக்காக ஒவ்வொரு கவச ரெஜிமெண்டுடனும் ஒரு சிறு குழு இணைக்கப்பட்டிருக்கிறது. 'லைட் எய்ட் டிடாச்மென்ட்' என்பது அதன் பெயர், சுருக்கமாக 'எல்.ஏ.டி.' என்பர். எஞ்சின் மெக்கானிக், மின்சாரப் பணியாளர், வெல்டர், பீரங்கி பழுது பார்ப்பவர், ரேடியோ மெக்கானிக், புதைந்த வண்டியை இழுத்து மீட்பவர் எனப் பல கைத்தொழிலாளர் அதில் அடங்குவர். ரெஜிமெண்ட் எங்கே செல்கிறதோ அங்கே அவர்களும் செல்வார்கள். அது பாலைவனத்தில் உறங்கினால் இவர்களும் பாலைவனத்தில்தான். ஆனால் இவர்கள் உறங்குவதில்லை. பகலில் ஓடிய வண்டி இரவில்தான் இவர்கள் கைக்கு வருகிறது.

மருத்துவத்தை ஒப்புமையாகக் கொள்ளலாம். எல்.ஏ.டி. என்பது விபத்து நடந்த இடத்திலேயே கட்டுப் போடுபவர். சில மணி நேரத்தில் சரியாகக் கூடியதை அங்கேயே சரி செய்து வண்டியைத் திருப்பி அனுப்புவதே அவர்கள் கடமை. அதற்கு மேல் போனால் பின்னாலுள்ள களப் பணிமனைக்கு; அதற்கும் மேல் போனால் நாட்டின் உட்பகுதியிலுள்ள பெரிய தளப் பணிமனைக்கு. எந்த வண்டியை இங்கேயே தேற்றலாம், எதைப் பின்னால் அனுப்ப வேண்டும், எதன் உடலிலிருந்து உறுப்புகளைக் கழற்றி மற்றொன்றைப் பிழைக்க வைக்கலாம் என்று விரைந்து முடிவெடுப்பதில்தான் இவர்கள் திறமை இருக்கிறது. கடைசியாகச் சொன்னது இராணுவ மெக்கானிக்குகளிடையே மிகப் பழைய வழக்கம். இரண்டு செத்த டாங்கிகளிலிருந்து ஓர் உயிருள்ள டாங்கியை எழுப்புவார்கள்.

இவர்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு ஏற்பட்ட வரலாறு சுவையானது. 1941 இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகள் ரோம்மலின் ஜெர்மானியப் படையுடன் பொருதன. பிரிட்டிஷாரின் 'குரூஸேடர்' டாங்கிகளில் தண்ணீர்ப் பம்பு ஒழுகும். மணல் புகுந்து எஞ்சின் தேயும். குண்டடி பட்டு விழுந்தவற்றோடு, தாமாகவே நின்று போனவையும் சேர்ந்து கொண்டன. ஜெர்மானியரோ சண்டை ஓய்ந்த மாலையிலேயே இழுவை வண்டிகளை அனுப்பித் தம் டாங்கிகளை மீட்டு, பழுது பார்த்து, மறுபடியும் களத்தில் நிறுத்தினர். அக்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தில் பழுது பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் தளவாடக் கிடங்குப் பிரிவினரிடம் இருந்தது. கைத்தொழில் தெரிந்தவர்கள் படை முழுவதிலும் சிதறிக் கிடந்து வீணாவதை ஆராய வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 1942 அக்டோபர் 1 அன்று மின்-இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு தோன்றியது. மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 23 அன்று, எல் அலமைன் பெரும்போர் தொடங்கிற்று. பிறந்து மூன்று வாரமே ஆன பிரிவு அதில் பங்கேற்றது. இந்திய இராணுவத்திலும் 1943 மே 1 அன்று இதே போன்ற பிரிவு அமைந்தது. இன்று 'இ.எம்.இ.' என்ற மூன்றெழுத்தில் அது வழங்குகிறது. காலாட் படையில் 'சிப்பாய்', குதிரைப் படையில் 'சவார்' என்பது போல இப்பிரிவின் கடைநிலை வீரனுக்குக் 'கிராஃப்ட்ஸ்மேன்', அதாவது கைவினைஞன், என்று பெயர். இராணுவத்தில் இத்தனை அழகான பதவிப் பெயர் வேறு இல்லை என்பது என் கருத்து.

மதராஸ் குதிரைப் படையின் வழித்தோன்றல்

இவர்களின் உழைப்பு எத்தகையது என்பதைக் காண ஒரே ஒரு ரெஜிமெண்டைப் பின்தொடர்ந்து சென்றால் போதும். ஏழாவது இலகு குதிரைப் படை, அதாவது '7 லைட் கேவல்ரி', நமக்கு அந்நியமன்று. 1784 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் தோன்றியது அது. மதராஸ் குதிரைப் படையின் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு மாறிய குதிரை அணிகளுக்கும் பங்குண்டு. பின்னாளில் ஆட்சேர்ப்பு வடக்கே சென்றுவிட்டது. ஆனால் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது.

இந்த ரெஜிமெண்டோடு தொடர்புடைய ஒரு டாங்கியின் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷாரின் ஏழாவது கவச பிரிகேட் ரங்கூனில் வந்திறங்கியது. அதனிடம் இருந்தவை அமெரிக்காவில் செய்யப்பட்ட 'ஸ்டுவர்ட்' என்னும் இலகு ரக டாங்கிகள். விமானத்துக்கென உருவாக்கப்பட்ட ஏழு சிலிண்டர் வட்ட எஞ்சின் அவற்றில் பூட்டப்பட்டிருந்தது. இவ்வகை எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சற்று நேரம் நின்றுவிட்டால் கீழ்ப்புறத்து சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கும். அப்படியே கிளப்பினால் உள்ளே ஏதேனும் முறியும். ஆகவே கைப்பிடி கொண்டு எஞ்சினைச் சுழற்றி எண்ணெயை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும். எதிரி துரத்தி வரும் வேளையிலும் இந்தச் சடங்கைத் தவிர்க்க முடியாது.

ஜப்பானியர் முன்னேற, பிரிட்டிஷ்-இந்தியப் படைகள் பர்மாவின் தெற்கிலிருந்து வடமேற்கு எல்லை நோக்கிப் பின்வாங்கின. சாலையும் காடுமாக நூற்றுக்கணக்கான மைல்கள். பின்னால் உதிரிப் பாகக் கிடங்கு எதுவும் இல்லை. ரங்கூன் துறைமுகம் மார்ச் மாதத்திலேயே பறிபோய்விட்டது. வழியில் நின்ற வண்டியின் உறுப்புகளே ஓடும் வண்டிக்கு மருந்து. மே மாதத்தில் சின்ட்வின் ஆற்றங்கரையை அடைந்தபோது, டாங்கியை ஏற்றிக் கடக்கத்தக்க வசதி அங்கே அரிதாக இருந்தது. அத்தனை தூரம் ஓட்டி வந்த டாங்கிகளை அக்கரையிலேயே தம் கைகளால் அழித்துவிட்டு வர நேர்ந்தது. எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் அது தன்னைத் தானே சூடேற்றிக் கொண்டு இறுகிச் சாகும். வண்டியைக் காக்கத் தெரிந்தவனுக்கே அதை விரைவில் கொல்லும் வழியும் தெரியும். மாதக்கணக்கில் தூங்காமல் காத்த ஒன்றை அப்படிச் சாகடிக்கிற வேலையைப் போல மெக்கானிக்குக்குக் கசப்பானது வேறில்லை.

ஒரே ஒரு ஸ்டுவர்ட் மட்டும் ஆற்றைக் கடந்தது. 'கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து' என்று அதன்மேல் பெயர் எழுதியிருந்தது. சீட்டுக்கட்டில் டயமண்ட் ஒன்பதுக்கு ஆங்கிலேயர் வழங்கும் விளையாட்டுப் பெயர் அது. அந்த டாங்கி ஏழாவது இலகு குதிரைப் படையிடம் வந்து சேர்ந்தது. சுழல்கூண்டைக் கழற்றிவிட்டு அதனைக் கட்டளை வண்டியாக மாற்றினார்கள். 1945 இல் நேசப் படைகள் மீண்டும் பர்மாவுக்குள் நுழைந்தபோது, தோல்வியில் தப்பி வந்த அதே வண்டி வெற்றிப் படையுடன் திரும்பிச் சென்றது. மூன்றாண்டுகளாக அதை ஓடும் நிலையில் வைத்திருந்த கைகள் யாருடையவை? வண்டிக்கு வரலாற்று நூலில் பெயர் இருக்கிறது.

இடையில் 1944 இல் இம்பால் முற்றுகை. மார்ச் மாதக் கடைசியில் கொஹிமா-இம்பால் சாலை அறுபட்டது. ஜூன் 22 அன்றுதான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கிருந்த பெரும் படைக்கு வேண்டிய உணவு, மருந்து, வெடிமருந்து, பெட்ரோல் அனைத்தும் விமானத்தில் வந்தன. அந்த வரிசையில் டாங்கிக்கான உதிரிப் பாகத்துக்கு எத்தனையாவது இடம் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஏழாவது இலகு குதிரைப் படையின் ஸ்டுவர்ட்டுகள் அந்த முற்றுகைக்குள்ளேதான் போரிட்டன.

சோஜிலா

போர் முடிந்து, ஜப்பானில் நேச நாட்டுக் காவற்படையின் ஒரு பகுதியாகச் சில காலம் இருந்துவிட்டு ரெஜிமெண்ட் தாயகம் திரும்பியது. 1947 இல் நாடு பிரிந்தபோது இராணுவமும் பிரிந்தது. பதினெட்டுக் குதிரைப் படை ரெஜிமெண்டுகளில் பன்னிரண்டு இந்தியாவுக்கும் ஆறு பாகிஸ்தானுக்கும் வந்தன. ஒரே லாயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே எஞ்சினின் இருபுறமும் அமர்ந்து உழைத்தவர்கள் வெவ்வேறு ரெயில் வண்டிகளில் ஏறிச் சென்றார்கள். ஏழாவது இலகு குதிரைப் படை இந்தியாவின் பங்கில் சேர்ந்தது. விரைவிலேயே அது காஷ்மீருக்கு அனுப்பப்பட்டது.

1948 கோடையில் டிராஸும் கார்கிலும் இந்தியப் படையின் கையைவிட்டுப் போயின. லடாக்கின் தலைநகரான லேஹ் தனித்து நின்றது. ஸ்ரீநகரிலிருந்து அங்கே செல்லும் வழி 11,500 அடிக்கு மேல் உயரமுள்ள சோஜிலா கணவாய். அதன் இருபுறத்து மலைகளிலும் எதிரிகள் குகை குடைந்து இயந்திரத் துப்பாக்கிகளுடன் அமர்ந்திருந்தனர். செப்டம்பரில் காலாட் படை அதனை மீட்க முயன்று பெரும் உயிரிழப்புடன் பின்வாங்கியது. குளிர்காலம் தொடங்கினால் கணவாய் பனியில் மூடிவிடும்; லேஹில் உள்ளவர்களுக்கு உதவி செல்ல வழியே இராது. அப்போது மேஜர் ஜெனரல் திம்மையா எடுத்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டு செல்வது என்பதே அம்முடிவு. டாங்கி அத்தனை உயரத்தில் போரிட்டதாக அதற்கு முன் உலக வரலாற்றில் இல்லை என்று இராணுவ வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

முடிவெடுப்பது ஒரு நொடி வேலை. அதைச் செய்து முடிக்க வேண்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

டாங்கிகள் இருந்ததோ ஜம்மு சமவெளிப் பக்கம். அங்கிருந்து ஸ்ரீநகருக்குச் செல்லும் மலைச் சாலை அந்நாளில் பானிஹால் கணவாயின் மேலே ஏறி இறங்கிச் சென்றது. இன்று நாமறிந்த ஜவாஹர் சுரங்கப் பாதை 1956 இல்தான் திறக்கப்பட்டது. வழியெங்கும் லாரி செல்வதற்காகக் கட்டிய பாலங்கள். ஸ்டுவர்ட் டாங்கியின் எடையோ ஏறத்தாழ 15 டன். அப்படியே ஏற்றினால் பாலம் தாங்காது. ஆகவே டாங்கியைப் பிரித்தார்கள். சுழல்கூண்டைக் கழற்றி லாரிகளில் ஏற்றி, தலையில்லாத உடலை வின்ச் கொண்டு பாலங்களின்மேல் அங்குலம் அங்குலமாக இழுத்துக் கடத்தினார்கள். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கூண்டில்லாத டாங்கியைத் தொலைவிலிருந்து பார்ப்பவன் சாதாரண இராணுவ வண்டி என்றே எண்ணுவான். டாங்கி வருகிறது என்ற செய்தி எதிரிக்கு எட்டாமல் இருப்பதில்தான் திட்டத்தின் வெற்றியே அடங்கியிருந்தது.

கழற்றுவது எளிது, பூட்டுவதுதான் கடினம் என்பது சைக்கிள் கடைச் சிறுவனுக்கும் தெரிந்த உண்மை. டாங்கியின் சுழல்கூண்டு உருண்டைக் குண்டுகள் நிறைந்த ஒரு பெரிய வளையத்தின்மீது அமர்கிறது. டன் கணக்கில் எடையுள்ள இரும்பை உயரத் தூக்கி, மயிரிழை பிசகாமல் அவ்வளையத்தில் இறக்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் கூண்டு சிக்கிக் கொள்ளும். பீரங்கி ஒரே திசையை நோக்கிக் கொண்டு நிற்கும். ரேடியோவின் மின்கம்பிகள், பீரங்கியின் குறி பார்க்கும் கருவி யாவற்றையும் மீண்டும் இணைத்துச் சரிபார்க்க வேண்டும். கான்கிரீட் தரையும் மேலே ஓடும் கிரேனும் உள்ள பணிமனையில் செய்வதற்கே கவனம் வேண்டும் வேலையை, அக்டோபர் மாதக் காஷ்மீரக் குளிரில் செய்து முடித்தனர்.

ஸ்ரீநகருக்கு அப்பால் சிந்து பள்ளத்தாக்கின் வழியாகக் கணவாயின் அடிவாரமான பால்தால் வரை வண்டிகள் இரகசியமாக நகர்ந்தன. பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறுவது கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதை. அதை வெட்டி அகலப்படுத்தி வண்டிப் பாதையாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் தென்னாட்டுப் பொறியாளர் படையின் இரு கம்பெனிகள். எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் இடத்தில் பாறையை உடைத்தார்கள். மதராஸில் பிறந்த குதிரைப் படைக்கு மதராஸ் வீரர்களே இமயத்தில் பாதை அமைத்தார்கள் என்பது தற்செயல்தான். ஆயினும் நமக்குக் கேட்க இனிக்கிறது.

இனி எஞ்சினுக்கு வருவோம். அங்கே சென்றவை ஸ்டுவர்ட்டின் பிந்திய வகை. வட்ட எஞ்சினுக்குப் பதிலாக இரண்டு 'கேடில்லாக்' எஞ்சின்கள் அவற்றில் இருந்தன. அமெரிக்கச் செல்வந்தர்களின் மோட்டார் காரில் ஓடியவற்றின் உடன்பிறப்புகள். கியரும் தானே மாறிக் கொள்ளும் வகை. ஓட்டுவதற்குச் சுகமான வண்டி. ஆனால் பெட்ரோலும் தண்ணீரும் காற்றும் மூன்றும் சரியாகக் கிடைத்தால்தான் ஓடும். சோஜிலாவில் மூன்றுமே பகை.

முதலில் காற்று. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மனிதனுக்கு மூச்சு வாங்குவதைப் போலவே பெட்ரோல் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் சமவெளிக்கு ஏற்ற அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக் கொண்டிருக்கும். எரிப்பதற்குக் காற்றுப் போதாமல் புகை கக்கும். பிளக்குகளில் கரி படியும். அவற்றைக் கழற்றித் துடைப்பதும், கார்புரேட்டரைத் திருத்தி அமைப்பதும் மெக்கானிக்கின் வேலை. கையுறையுடன் பிளக்கைக் கழற்ற முடியாது. கையுறை இல்லாமல் உறைபனியில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக் கொள்ளும்.

அடுத்தது எண்ணெயும் தண்ணீரும். மார்கழி அதிகாலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெண்மையாக உறைந்துவிடுகிறதல்லவா? கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெயும் பாகு போலத் தடித்து விடுகிறது. தடித்த எண்ணெயில் எஞ்சினைச் சுழற்ற இரட்டிப்பு வலு வேண்டும். அந்நேரம் பார்த்து பேட்டரியும் குளிரில் தன் திறனில் பெரும்பகுதியை இழந்திருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து எஞ்சினின் இரும்புச் சுவரையே பிளந்துவிடும். உறையாமல் தடுக்கும் திரவம் போதிய அளவு இல்லாதபோது மெக்கானிக்குகள் அறிந்த பழைய வழிகள் இரண்டே: இரவில் தண்ணீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றுவது, அல்லது இரவு முழுதும் இடைவெளி விட்டு எஞ்சினை ஓடவிடுவது. முதல் வழியில் தூக்கம் கெடும். இரண்டாம் வழியில் தூக்கத்தோடு பெட்ரோலும் போகும். எஞ்சின் ஓசை எதிரியின் காதிலும் விழும்.

1948 நவம்பர் 1. பனி பெய்து ஓய்ந்திருந்த நாள். பிற்பகலில் ரெஜிமெண்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் டாங்கிகளை முன்னின்று நடத்தினார். 'ஸ்பாரோ', அதாவது சிட்டுக்குருவி, என்று நண்பர்களால் அழைக்கப்பட்டவர். ஜெனரல் திம்மையாவே முன்னணி டாங்கியில் ஏறிச் சென்றார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அங்கே டாங்கியை எதிர்பார்க்காத எதிரிகளிடம் அதனைத் தடுக்கும் ஆயுதம் இல்லை. குகை வாயில்களை நோக்கி நேருக்கு நேர் பீரங்கிகள் முழங்கின. மாலைக்குள் கணவாய் வீழ்ந்தது. பின்னர் டிராஸும் மீட்கப்பட்டது. நவம்பர் 24 அன்று கார்கிலில், லேஹிலிருந்து வந்த படையுடன் கைகோத்தனர்.

ஓர் ஏற்றத்தில் ஒரு டாங்கி நின்று போயிருந்தால்? ஒற்றை வண்டி அகலமே உள்ள பாதை. பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நின்றிருக்கும். திடீர்த் தாக்குதல் என்பது கேலிக் கூத்தாகியிருக்கும். அன்று பிற்பகல் எஞ்சின்கள் நிற்கவில்லை. ஸ்பாரோவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது, தகுதியான விருதே. சுழல்கூண்டைத் திரும்பப் பூட்டியவர்களும் பிளக்கைத் துடைத்தவர்களும் போர் வரலாற்று நூல்களில் 'இ.எம்.இ. பிரிவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். சில நூல்களில் அந்தச் சொல்லும் இல்லை.

கரும்புத் தோட்டமும் ஆவடியும்

1965 போரில் பஞ்சாபின் அஸல் உத்தர் சமரை நம் சமுதாயத்தார் மறக்கமாட்டார்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது தியாகியான களம் அது. அந்தச் சமரின் மறுபக்கம் ஒன்று உண்டு. அன்று நம் தரப்பில் நின்ற ரெஜிமெண்டுகளுள் ஒன்றான 'டெக்கான் ஹார்ஸ்', ஹைதராபாத் நிஜாமின் குதிரைப் படையிலிருந்து வந்த பரம்பரை. அதனிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன் டாங்கிகள். எதிரே வந்தவையோ அமெரிக்காவின் பேட்டன்கள். இருபது ஆண்டுப் பழைமையான வண்டிகளைப் போர்க்களத்தில் நிறுத்த முடிந்தது என்றால், அந்த இருபது ஆண்டுகளும் அவற்றைப் பேணியவர்கள் இருந்தார்கள் என்பதே பொருள்.

சமர் முடிந்தபோது வெள்ளம் நிறைந்த கரும்பு வயல்களில் பேட்டன்கள் புதைந்து கிடந்தன. இந்தியத் தரப்பின் கணக்குப்படி அழிந்தவையும் கைப்பற்றியவையுமாக 97. களம் யார் வசம் எஞ்சுகிறதோ அவருக்கே இரு தரப்பு வண்டிகளும் சொந்தம் என்பது டாங்கிப் போரின் விதி. தன் பழுதுபட்ட டாங்கி மறுநாள் திரும்பி வரும், எதிரியினுடையது வராது. சேற்றில் ஆழ்ந்த நாற்பது, ஐம்பது டன் இரும்பை வெளியே இழுப்பது வெறும் வலிமையால் ஆகாது. எங்கே கம்பியைக் கட்டுவது, எந்தக் கோணத்தில் இழுப்பது, கம்பி அறுந்தால் யார் மேல் வீசும் என்று கணக்கிட வேண்டும். மீட்ட பேட்டன்களை பிக்கிவிண்ட் என்னும் ஊரருகே வரிசையாக நிறுத்தினர். அவ்விடத்துக்குப் 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. நாட்டின் பல பாசறைகளின் வாயிலில் இன்றும் நிற்கும் பேட்டன்கள் அந்தப் போரில் கிடைத்தவையே.

அதே 1965 ஆம் ஆண்டில்தான் சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தன் முதல் 'விஜயந்தா' டாங்கியை வெளியிட்டது. பின்னர் அங்கே டி-72, டி-90, அர்ஜுன் ஆகியன உருவாயின. ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அத்தொழிற்சாலையின் சங்கொலி பழக்கமானது. 2021 முதல் அது கவச வாகன நிறுவனம் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

அந்த டாங்கிகளிடையே மெக்கானிக்கின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு வேறுபாடு உண்டு. மேற்கத்திய முறையில் அமைந்த டாங்கியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கட்டாகப் பிணைக்கப்பட்டிருக்கும்; கிரேன் கொண்டு மொத்தமாகத் தூக்கி, வேறொன்றை இறக்கிவிடலாம். தேர்ந்த குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. அர்ஜுன் அம்முறையைப் பின்பற்றியது. ரஷ்ய வழியில் வந்த டி-72 இலோ ஒவ்வொன்றையும் தனித்தனியே விடுவித்து, பின்னர் மயிரிழை அளவில் நேர்செய்து பூட்ட வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் அர்ஜுனின் எடை அறுபது டன்னுக்கும் மேல். அது புதைந்தால் இழுப்பது கடினம். அது கடக்கும் பாலமும் வலிதாக இருக்க வேண்டும். டி-72 நாற்பது டன்னைச் சற்றே தாண்டும். சேற்றிலும் மணலிலும் அதனைக் கையாள்வது எளிது. எது சிறந்த டாங்கி என்று நாளேடுகளில் வல்லுநர்கள் பீரங்கியின் தூரத்தையும் கவசத்தின் கனத்தையும் வைத்து வாதிடுகின்றனர். எல்.ஏ.டி.யின் சுபேதாரைக் கேட்டால் அவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பார்; எண்ணெய் வடிக்கும் திருகு கைக்கு எட்டுகிறதா என்று தேடுவார்.